உழைத்தவன் பெயரை ஒழுங்காக எழுது!

கூலி உயர்வு, போனஸ், பஞ்சப்படி, மனைப்பட்டா என்று எழுத வேண்டிய இடத்தில், ஒரு சினிமா டைரக்டரின் வாழ்க்கைக் குறிப்பைப் பற்றித் தலையங்கமா என்று தோழர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போகிறோம்.

ஆலையில் மஸ்டர் ரோலில் பெயர் ஏறாத தொழிலாளியின் கதி என்ன? பத்து வருஷம் தறியோடு தறியாக நின்று பஞ்சுத் தூசியைத் தின்றிருப்பான். ஒரு நாள் கணக்குக் கேட்டால், "இப்படி ஓர் ஆள் எங்கள் மில்லில் வேலையே பார்க்கவில்லை" என்று நிர்வாகம் கையை விரித்துவிடும். குத்தகைப் பதிவேட்டில் பெயர் இல்லாத சாகுபடிக்காரனின் கதி என்ன? பாட்டன் காலத்திலிருந்து உழுத வயலின் வரப்பில் அவன் அந்நியனாக நிற்க வேண்டியதுதான். தமிழ்நாட்டில் குத்தகை உரிமைகளைப் பதிவு செய்ய 1969-ல் ஒரு சட்டமே தேவைப்பட்டது என்றால், பதிவேட்டில் பெயர் ஏறுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

சரித்திரமும் ஒரு பதிவேடுதான். யார் உழைத்தார்கள், யார் படைத்தார்கள், யார் போராடினார்கள் என்று நாளைய தலைமுறைக்குச் சொல்லும் மஸ்டர் ரோல் அது. அதில் பெயர் விட்டுப்போனால் உழைப்பும் விட்டுப்போகும். அதில் பொய் ஏறினால் அந்தப் பொய்யே நாளை உண்மை என்று உலாவும்.

அந்தப் பதிவேடு இன்று எங்கே இருக்கிறது? முன்பு கெட்டி அட்டை போட்ட கலைக்களஞ்சியத்தில் இருந்தது. அது நூலகத்து அலமாரியில் பூட்டிக் கிடந்தது. இன்று அது ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் செல்போனில் இருக்கிறது. 2001-ல் ஆங்கிலத்தில் விக்கிப்பீடியா தொடங்கப்பட்டது. 2003-ல் தமிழிலும் வந்தது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பது அதன் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். அறிவு சிலரின் தனிச்சொத்தாக இருக்கக் கூடாது என்பது நம்முடைய கட்சி. ஆனால் எல்லோரும் எழுதக்கூடிய பதிவேட்டில் பொறுப்பும் எல்லோருக்கும் உண்டு. பொதுக் கிணற்றில் யாரும் தண்ணீர் எடுக்கலாம். அதற்காகக் குப்பையை உள்ளே கொட்ட யாருக்கும் உரிமை இல்லை.

இதை ஓர் உதாரணத்தை வைத்தே பேசுவோம். நம்முடைய உழைக்கும் மக்களுக்குச் சொந்தமான ஓர் உதாரணம்.

நிமாய் கோஷ் யார்?

1914-ல் பிறந்து 1988-ல் மறைந்தவர் நிமாய் கோஷ். வங்காளி. காமிராக் கலைஞர், டைரக்டர், தொழிற்சங்கவாதி. இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் மனிதர் முழுமையாகத் தெரிவார்.

1947-ல் தேசம் துண்டாடப்பட்டபோது கிழக்கு வங்காளத்து விவசாயிகள் வீட்டையும் வயலையும் விட்டுவிட்டுக் கல்கத்தாவுக்கு ஓடி வந்தார்கள். சியால்தா ரயில் நிலையத்தின் பிளாட்பாரமே அவர்களுக்கு வீடாயிற்று. அந்தக் கொடுமையைப் படமாக எடுத்தவர் நிமாய் கோஷ். படத்தின் பெயர் 'சின்னமூல்'. வேர் அறுக்கப்பட்டவர்கள் என்று பொருள். நட்சத்திரங்களை நம்பாமல், மக்கள் நாடக மன்றத்தின் நடிகர்களையும், நிலையத்தில் கிடந்த உண்மையான அகதிகளையுமே கொண்டு எடுத்தார். 1951-ல் இந்தியா வந்த சோவியத் டைரக்டர் புடோவ்கின் அதைப் பார்த்துப் பாராட்டினார். சோவியத் நாட்டிலும் படம் திரையிடப்பட்டது.

பிறகு அவர் சென்னைக்கு வந்தார். இங்கே காமிராவைப் பிடித்த கையாலேயே சங்கக் கொடியையும் பிடித்தார். விளக்குத் தூக்குபவர், செட் போடுபவர், தையற்காரர், காமிரா உதவியாளர் என்று படத்தின் பின்னால் நின்று சாகிறவர்களுக்கு அந்தக் காலத்தில் வேலை நேரம் என்று ஒன்று உண்டா? கூலி என்று நிச்சயமான ஒன்று உண்டா? இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனைப் போன்ற தோழர்களுடன் சேர்ந்து, தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளரை ஒரு சங்கமாகத் திரட்டப் பாடுபட்டவர்களில் நிமாய் கோஷ் முக்கியமானவர்.

1960-ல் வந்தது 'பாதை தெரியுது பார்'. தொழிலாளர் வாழ்வைப் பேசிய தமிழ்ப் படம். இடதுசாரிக் கலைஞர்களும் நண்பர்களும் ஒன்று கூடி எடுத்த படம். டைரக்டர் நிமாய் கோஷ்.

இது நமக்கு நிச்சயமாகத் தெரிந்த விஷயம். சரி, இந்த வாழ்க்கையை எழுதும்போது எங்கெங்கே தவறு நேர முடியும்?

ஒரே பெயர், இரண்டு மனிதர்கள்

முதல் ஆபத்து பெயரிலேயே இருக்கிறது.

இதே கல்கத்தாவில் இதே பெயரில் இன்னொரு கலைஞர் இருந்தார். அவர் புகைப்படக்காரர். 1934-ல் பிறந்தவர். சத்யஜித் ராய் படமெடுத்த இடங்களிலெல்லாம் உடன் இருந்து, அந்த மகா கலைஞனின் வாழ்க்கையைப் பல்லாயிரம் புகைப்படங்களில் பதிவு செய்தவர். 2010-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2020-ல் காலமானார். அவரும் தம் துறையில் பெரியவர்தான். ஆனால் அவர் வேறு. 'சின்னமூல்' எடுத்தவர் வேறு.

தேடினால் இருவர் பெயரும் கலந்துதான் வரும். அவசரக்காரன் ஒருவன் இருவரையும் ஒருவராக்கிவிட்டால் என்ன ஆகும்? 1988-ல் இறந்தவருக்கு 2010-ல் விருது கிடைக்கும்! புகைப்படக்காரரின் படம் டைரக்டரின் பக்கத்தில் ஏறும். பதினாறு வயதுப் பையன் 'சின்னமூல்' எடுத்தான் என்றாகும். சிரிப்பாக இருக்கிறதா? இதே பெயர்க் குழப்பத்தால் வருங்கால வைப்பு நிதி கிடைக்காமல் அலுவலகப் படிக்கட்டில் அலையும் தொழிலாளியைக் கேளுங்கள். முத்துச்சாமி கணக்கு முத்துசாமி பெயரில் ஏறிவிட்டால், அதைத் திருத்துவதற்குள் செருப்புத் தேய்ந்துவிடும். அவனுக்கு இது சிரிப்பு அல்ல.

எழுத்துக் குழப்பமும் உண்டு. நிமாய், நெமாய், நேமாய் என்று ஒரே மனிதரின் பெயர் பலவிதமாக எழுதப்படுகிறது. ஒரு எழுத்தில் எழுதியவனுக்கு மற்ற எழுத்தில் உள்ள விவரம் கண்ணில் படாது. எனவே வாழ்க்கைக் குறிப்பு எழுதுகிறவன் செய்ய வேண்டிய முதல் வேலை, ஆளைச் சரியாக அடையாளம் காண்பது. பிறந்த வருஷம், ஊர், தொழில், செய்த வேலை ஆகிய நான்கும் பொருந்துகிறதா என்று பார்ப்பது. வேலைக்கு ஆள் எடுக்கிற மேஸ்திரிகூட இதைச் செய்கிறான்.

வருஷத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'சின்னமூல்' வெளிவந்த ஆண்டு 1950 என்று சில நூல்களில் இருக்கிறது. 1951 என்று வேறு சில நூல்களில் இருக்கிறது. நேர்மையானவன் என்ன செய்ய வேண்டும்? தனக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை மறைக்கக் கூடாது. இந்த நூல் இப்படிச் சொல்கிறது, அந்த நூல் அப்படிச் சொல்கிறது என்று இரண்டையும் எழுதிவிட்டுப் போகட்டும். படிக்கிறவன் முட்டாள் அல்ல.

பாசம் செய்யும் பொய்

பகைவன் சொல்லும் பொய்யைக் கண்டுபிடிப்பது சுலபம். பாசத்தால் சொல்லும் பொய்தான் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே நுழையும்.

1960-ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகளில் தமிழுக்கு ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கத்தைப் பெற்றது 'பார்த்திபன் கனவு'. 'பாதை தெரியுது பார்' பெற்றது நற்சான்றிதழ். இரண்டாவது சிறந்த தமிழ்ப் படம் என்பதற்கான சான்றிதழ். 'களத்தூர் கண்ணம்மா' மூன்றாவது. இதுதான் உண்மை.

"நம்முடைய படம் ஜனாதிபதி பதக்கம் வாங்கியது" என்று ஒரு தோழர் ஆசையில் எழுதிவிடலாம். யாருக்கு லாபம்? நாளை ஒருவன் பட்டியலை எடுத்துப் பார்ப்பான். பதக்கம் பொய் என்று கண்டுகொள்வான். அதோடு விடுவானா? சியால்தா அகதிகள் நடித்ததும் பொய், புடோவ்கின் பாராட்டியதும் பொய், சங்கம் கட்டியதும் பொய் என்று எல்லாவற்றையும் ஒரே வீச்சில் தள்ளிவிடுவான். ஒரு படி பதரைச் சேர்க்கப் போய் ஒரு மூட்டை நெல்லையும் பதராக்கிய கதையாகும். நட்சத்திரமில்லாமல், பண மூட்டையில்லாமல், தொழிலாளர் கதையை எடுத்து, அந்த ஆண்டின் தமிழ்ப் படங்களில் இரண்டாவது இடத்தைப் பெற்றார்கள் என்ற உண்மை போதாதா? அதற்கு மேல் ஜிகினா எதற்கு?

சோவியத் நாட்டில் 'சின்னமூல்' திரையிடப்பட்டதையும் இப்படித்தான் எழுத வேண்டும். திரையிடப்பட்டது என்று எழுதுவோம். எத்தனை தியேட்டர், எத்தனை லட்சம் ஜனங்கள் என்று ஆதாரமில்லாமல் எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போனால், அது நம் மாநாட்டுக் கூட்டத்தை எண்ணுகிற கதையாகிவிடும்.

தனி ஒருவர் எடுத்த படமா?

டைரக்டரின் வாழ்க்கையை எழுதும்போது நேரும் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. படத்தில் உள்ள எல்லாவற்றையும் அவர் கணக்கிலேயே எழுதிவிடுவது!

'பாதை தெரியுது பார்' படத்தின் கதை ஆர்.கே. கண்ணனுடையது. இசை எம்.பி. சீனிவாசனுடையது. பாட்டுக்கோட்டையான பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் பாட்டு எழுதினார். படம் வெளிவருவதற்கு முன்னரே, 1959 அக்டோபரில், இருபத்தொன்பது வயதில் நம்மை விட்டுப் போய்விட்டார். கே.சி.எஸ். அருணாசலம் எழுதினார். ஜெயகாந்தனும் பாட்டு எழுதினார். நாயகனாக நடித்த கே. விஜயன் பின்னாளில் தாமே டைரக்டரானார். இவர்கள் பெயராவது டைட்டில் அட்டையில் இருந்தது. விளக்குப் பிடித்தவன், தண்டவாளத்தில் காமிராவைத் தள்ளியவன், இரவு முழுக்க செட்டுக்கு ஆணி அடித்தவன் ஆகியோரின் பெயர் எந்த அட்டையில் இருக்கிறது?

டைரக்டர் ஒருவரே படத்தை உருவாக்கினார் என்று எழுதுவது, முதலாளி ஒருவரே ஆலையில் துணி நெய்தார் என்று எழுதுவதைப் போன்றது. டைரக்டரின் பங்கு பெரிது. அதைக் குறைக்கச் சொல்லவில்லை. அவர் செய்ததை அவர் கணக்கில் எழுது. மற்றவர் செய்ததை மற்றவர் கணக்கில் எழுது என்கிறோம். தம்முடைய வாழ்நாளில் பாதியைத் திரைப்படத் தொழிலாளரின் சங்கத்துக்குக் கொடுத்த நிமாய் கோஷே இதைத்தான் விரும்பியிருப்பார்.

இதற்கு நேர்மாறான அநியாயமும் உண்டு. 'சின்னமூல்' படத்தில் ரித்விக் கட்டக் நடித்தார், உதவியும் செய்தார். பின்னாளில் அவர் உலகம் அறிந்த டைரக்டரானார். பெரிய பெயர் வந்தவுடன், அந்தப் படத்தைக் கட்டக்கின் வாழ்க்கையில் ஒரு வரியாக மட்டும் சொல்லிவிட்டு, எடுத்தவனை மறந்துவிடும் வழக்கமும் வந்தது. புகழ் இருக்கும் பக்கமே எல்லாப் பெருமையும் ஓடுவது, பணம் இருக்கும் பக்கமே பணம் ஓடுவதைப் போன்றது. எழுதுகிறவன் அதற்குக் காவலாளாக நிற்க வேண்டும்.

பெயரைப் பறிகொடுப்பது சின்ன விஷயம் அல்ல என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சாட்சி உண்டு. கம்யூனிஸ்டு வேட்டையில் சிறை சென்று கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்ட கதாசிரியர் டால்டன் டிரம்போ. 1953-ல் வந்த 'ரோமன் ஹாலிடே' படத்தின் கதை அவருடையது. ஆனால் திரையில் அவர் பெயர் வர முடியவில்லை. நண்பர் ஒருவரின் பெயர் வந்தது. ஆஸ்கார் பரிசும் அந்தப் பெயருக்கே போயிற்று. டிரம்போ 1976-ல் இறந்தார். 1993-ல் அந்தப் பரிசு அவருடையது என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. எழுத்தாளர் சங்கம் அவர் பெயரைத் திரைக்கதையில் மீண்டும் சேர்த்தது 2011-ல். ஐம்பத்தெட்டு வருஷம்! பதிவேட்டில் ஒரு பெயரைத் திருத்த அத்தனை காலம் பிடித்தது. தவறாக எழுதுவதற்கோ ஒரு நிமிஷம் போதும்.

வதந்தி வேறு, ஆதாரம் வேறு

'பாதை தெரியுது பார்' வசூலில் வெற்றி பெறவில்லை. ஏன் என்பதற்குப் பல கதைகள் சொல்லப்படுகின்றன. பெரிய கைகள் சதி செய்து படத்தை முடக்கின என்பது அவற்றில் ஒன்று. பட முதலாளிகளும் விநியோகஸ்தர்களும் அப்படிச் செய்யக்கூடியவர்கள்தான் என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் செய்யக்கூடியவர்கள் என்பது வேறு, செய்தார்கள் என்பது வேறு. கடிதம் இருக்கிறதா? ஒப்பந்தம் இருக்கிறதா? உடன் இருந்தவர் பெயர் போட்டுச் சொன்ன சாட்சியம் இருக்கிறதா? இருந்தால் தேதியோடு எழுது. இன்னார் இப்படிச் சொன்னார் என்று மட்டும் இருந்தால், அப்படியே இன்னார் சொன்னார் என்று எழுது. ஒன்றும் இல்லாவிட்டால் எழுதாதே.

இதைத் தொழிலாளிக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. சார்ஜ் மெமோ வந்தவனெல்லாம் குற்றவாளியா? மெமோ என்பது குற்றச்சாட்டு. அதற்குப் பதில் சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. பிறகு விசாரணை. பிறகுதான் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பையும் எதிர்த்து லேபர் கோர்ட்டுக்குப் போகலாம். மெமோ கொடுத்த அன்றே "திருடன்" என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிற நிர்வாகத்தை எதிர்த்து நாம் வாயிற்கூட்டம் போடுகிறோம். அதே நாம், உயிரோடு இருக்கும் ஒரு டைரக்டரைப் பற்றி யாரோ சொன்ன புகாரை, வழக்கு என்றும் தண்டனை என்றும் கூட்டி எழுதலாமா? புகார் என்றால் புகார் என்று எழுது. விடுதலையானால் விடுதலையையும் அதே அளவு எழுத்தில் எழுது. நிரூபணமானால் தயங்காமல் அதையும் எழுது. பெரிய மனிதர் என்பதற்காக மூடி மறைக்காதே.

ஆதாரமில்லாத எழுத்து உயிரோடு இருப்பவனை என்ன செய்யும் என்பதற்கு, சினிமாவுக்கு வெளியே நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்வோம். 2005 மே மாதத்தில், ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரின் விக்கிப்பீடியாப் பக்கத்தில், கென்னடி சகோதரர்களின் கொலையில் அவர் சந்தேகத்துக்கு ஆளானவர் என்று எவனோ விளையாட்டுக்கு எழுதிவிட்டான். அவரோ ராபர்ட் கென்னடியிடமே உதவியாளராக இருந்தவர்! அந்தப் பழி ஏறத்தாழ நான்கு மாதம் அப்படியே கிடந்தது. கேட்பார் இல்லை. அவரே பத்திரிகையில் எழுதிக் கண்டித்த பிறகு உலகம் விழித்தது. உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய ஆதாரமற்ற பழியை, விவாதத்துக்குக் காத்திராமல் நீக்கிவிட வேண்டும் என்ற கண்டிப்பான விதி அதன் பின்னரே அங்கு உறுதிப்பட்டது. ஒரு மனிதன் அவமானப்பட்ட பிறகே விதி பிறந்தது. ஆலையில் விபத்து நடந்த பிறகே இயந்திரத்துக்குக் கம்பிவலை போடுவதைப் போல!

கள்ள மரக்கால் வேண்டாம்

நண்பனுக்கு நியாயம் செய்வது சுலபம். எதிரிக்கு?

எலியா கசான் என்ற அமெரிக்க டைரக்டரை எடுத்துக்கொள்வோம். 1930-களில் சுமார் ஒன்றரை வருஷம் கம்யூனிஸ்டுக் கட்சியில் இருந்தவர். 1952 ஏப்ரல் 10-ஆம் தேதி, அமெரிக்கப் பாராளுமன்றத்தின் கம்யூனிஸ்டு வேட்டைக் கமிட்டியின் முன் போய், உடன் நாடகம் போட்ட பழைய தோழர்கள் எட்டுப் பேரின் பெயரைச் சொன்னார். பெயர் சொல்லப்பட்டவனுக்கு வேலை போகும், பிழைப்புப் போகும் என்பது தெரிந்தே சொன்னார். தாம் செய்தது சரி என்று பத்திரிகையில் விளம்பரமும் கொடுத்தார். கருங்காலித்தனம் என்பதற்கு நம் அகராதியில் இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

இந்த மனிதரின் வாழ்க்கைக் குறிப்பை நம் தோழர் ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். என்ன எழுத வேண்டும்? தேதி போட்டு, எண்ணிக்கை போட்டு, காட்டிக்கொடுத்ததை எழுத வேண்டும். அதே பக்கத்தில், 1954-ல் அவர் எடுத்த 'ஆன் தி வாட்டர்ஃபிரன்ட்' துறைமுகத் தொழிலாளர் வாழ்க்கையைக் காட்டிய வலுவான படம் என்பதையும், அது எட்டு ஆஸ்கார் பரிசுகளைப் பெற்றது என்பதையும் எழுத வேண்டும். காட்டிக்கொடுப்பதை நியாயப்படுத்தவே அந்தப் படம் எடுக்கப்பட்டது என்று பலர் கண்டித்ததை, அவர்களுடைய கருத்து என்று சொல்லி எழுத வேண்டும். 1999-ல் அவருக்குக் கௌரவ ஆஸ்கார் கொடுத்தபோது, மண்டபத்தில் சிலர் எழுந்து நின்று கைதட்டியதையும், சிலர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் எழுத வேண்டும். 'துரோகி' என்ற சொல்லை நாம் போட வேண்டிய அவசியமே இல்லை. எட்டுப் பேர் என்ற எண்ணே அதைச் சொல்லிவிடும்.

அவருடைய ரசிகர் எழுதினாலும் இதே நியாயம்தான். பரிசுகளை வரிசையாக அடுக்கிவிட்டு, 1952-ஐத் தாண்டிக் குதித்து ஓடினால், அது வாழ்க்கைக் குறிப்பு அல்ல, விளம்பரம்.

நமக்குச் சங்கடமான விஷயத்திலும் இதே அளவைதான். முன்னே சொன்ன ரித்விக் கட்டக் கம்யூனிஸ்டுக் கட்சியில் இருந்தார் என்று பெருமையாக எழுதுகிறோம். 1955-ல் அவர் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார் என்பதையும் அதே மையினால் எழுத வேண்டும். 1960-ல் 'மேக டாக்க தாரா' என்ற படத்தில் அகதிக் குடும்பத்தின் துயரத்தை அவர் காட்டினார் என்றால், அது கட்சி அட்டை இல்லாத காலத்தில் எடுத்த படம். அதனால் அது நம் படம் இல்லாமல் போய்விடுமா? உண்மையைச் சொன்னால் இயக்கம் குறைந்துபோகாது. உண்மையை மறைத்து எந்த இயக்கமும் வளர்ந்ததில்லை.

பண்ணையார் வீட்டுக் களத்தில் இரண்டு மரக்கால் இருக்கும். வாங்குவதற்குப் பெரியது, கொடுப்பதற்குச் சிறியது. அந்தக் கள்ள மரக்காலை ஒழிக்கத்தான் கீழ்த்தஞ்சையில் செங்கொடி ஏறியது. எழுத்திலே நாமே இரண்டு மரக்கால் வைத்துக்கொள்ளலாமா?

கூலிக்கு எழுதும் பேனா

இன்னொரு ஆபத்து பண மூட்டையோடு வருகிறது. படம் வெளியாகும் சமயத்தில் டைரக்டரின் பக்கத்தைப் பளபளப்பாக்கக் கூலிக்கு ஆள் வைக்கும் வழக்கம் இருக்கிறது. தோல்வியடைந்த படம் 'பரவலாகப் பாராட்டப்பட்டது' ஆகிவிடும். கூலி பாக்கி வைத்த விவகாரம் காணாமல் போய்விடும். கூலி வாங்கிக்கொண்டு எழுதுகிறவர் அதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்று 2014-ல் விக்கிப்பீடியாவின் நிபந்தனைகளிலேயே சேர்த்தார்கள். சொல்லாமல் எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இப்போது கேள்வி கேட்டால் பதிலை நொடியில் எழுதித் தரும் இயந்திரங்களும் வந்துவிட்டன. அவை தாமாகத் தெரிந்து சொல்வதில்லை. மனிதர்கள் எழுதி வைத்ததைத் தின்றுதான் சொல்கின்றன. பதிவேட்டில் இரண்டு கோஷ்களும் கலந்து கிடந்தால், இயந்திரமும் கலந்தே சொல்லும். அதுவும் சந்தேகமே இல்லாதவனைப் போலச் சொல்லும். கேள்விப்பட்டவன் அதை எடுத்து இன்னொரு கட்டுரை எழுதுவான். அந்தக் கட்டுரையே நாளை ஆதாரமாகும். கலப்பட விதையை ஒரு போகம் விதைத்தால் எத்தனை போகத்துக்குத் தொல்லை என்று விவசாயிக்குத் தெரியும்.

என்ன செய்ய வேண்டும்?

ஆகவே, வாழ்க்கைக் குறிப்பு எழுதும் ஒவ்வொருவரிடமும் நாம் கோருவது இவைதான்:

1. ஆளைச் சரியாக அடையாளம் கண்டு எழுதுங்கள். ஒரே பெயருள்ள இருவரைப் பிரித்துக் காட்டுங்கள்.

2. ஒவ்வொரு தகவலுக்கும் ஆதாரம் காட்டுங்கள். ஆதாரங்கள் முரண்பட்டால் இரண்டையும் சொல்லுங்கள்.

3. கூட்டு உழைப்பை ஒருவர் கணக்கில் எழுதாதீர்கள். கதை, இசை, பாட்டு, காமிரா எல்லாவற்றுக்கும் உரியவர் பெயரைக் கொடுங்கள்.

4. குற்றச்சாட்டு, வழக்கு, தீர்ப்பு ஆகிய மூன்றையும் ஒன்றாக்காதீர்கள். பொதுவாழ்வுக்குச் சம்பந்தமில்லாத வீட்டு விவகாரங்களைத் தோண்டாதீர்கள்.

5. நண்பருக்கும் எதிரிக்கும் ஒரே மரக்காலால் அளங்கள்.

தொழிலாளித் தோழர்களே! இதில் உங்களுக்கும் வேலை இருக்கிறது. சினிமாத் தொழிலாளர் சங்கத்தில் பழைய தலைமுறையினர் வைத்திருக்கும் நோட்டீசுகள், ஆண்டறிக்கைகள், மாநாட்டு மலர்கள், புகைப்படங்கள் ஆகியவை வெறும் பழைய காகிதம் அல்ல. எடைக்குப் போடாதீர்கள். புகைப்படத்தின் பின்புறத்தில் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள். 'பாதை தெரியுது பார்' போன்ற படத்தைப் பார்ப்பதே அரிதாகிவிட்ட இக்காலத்தில், ஒரு பாட்டுப் புத்தகம், ஒரு விளம்பர நோட்டீசுகூட சாட்சியாகும். சங்க அலுவலகத்தில் அவற்றைச் சேர்த்து, நூலகத்திலும் ஆவணக் காப்பகத்திலும் பிரதி கொடுங்கள். அச்சில் வந்தால்தான் அது ஆதாரமாக நிற்கும். ஆகவே சங்க வரலாற்றை எழுதி அச்சிடுங்கள்.

படித்த வாலிபத் தோழர்கள் செல்போனில் தவறு கண்டால், திட்டிவிட்டுப் போய்விட வேண்டாம். அங்கே ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் ஓர் உரையாடல் பக்கம் இருக்கிறது; யார் எப்போது எதை மாற்றினார் என்ற பதிவும் இருக்கிறது. ஆதாரத்தோடு போய்த் திருத்துங்கள். நம் தோழரைப் புகழ்ந்து எழுதியிருக்கும் பொய்யையும் சேர்த்தே திருத்துங்கள்.

அளவை ஏமாற்றுபவனை எதிர்த்துப் பிறந்தது நம் இயக்கம். கூலியில் ஒரு பைசா குறைந்தாலும் கணக்குக் கேட்கும் கை இது. அந்தக் கை எழுதும் சரித்திரத்தில் ஒரு பொய்யும் இருக்கக் கூடாது.

உழைத்தவன் பெயரை எழுது! ஒழுங்காக எழுது! உள்ளதை உள்ளபடி எழுது!